தடைக்காலத்தில் ஒரு வீடு

நம் சங்கத்துக் குடும்பங்களில் விளையாட்டையே தொழிலாக எடுத்துக்கொண்ட பிள்ளைகள் இப்போது நான்கைந்து பேர் இருக்கிறார்கள். நான் கொச்சிக்கு வந்த காலத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை எழுதியிருக்க முடியாது. பிழைக்க வந்த தமிழன் பிள்ளையை எஞ்சினீயரிங் படிக்க வைப்பான், சி.ஏ. படிக்க வைப்பான், சாயங்காலம் இருட்டிய பிறகும் மைதானத்தில் நின்றால் காதைப் பிடித்து இழுத்து வருவான். இன்று அதே அப்பா விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஸ்கூட்டரில் பிள்ளையைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுகிறார். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் ஒப்பந்தம், சம்பளம், பத்திரிகையில் படம் என்று வரும்போது கூடவே இன்னொன்றும் வரலாம் என்பதை யாரும் நினைப்பதில்லை. அதற்குப் பெயர் சஸ்பென்ஷன். அது வந்தால் வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்வது என்று சென்ற பொதுக்குழுவின்போது ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். அங்கே நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

இடப்பள்ளியில் குடியிருப்பவனுக்கு இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வெளியூர் உறவினர்களுக்கு எங்கள் பேட்டையை அடையாளம் சொல்ல முன்பெல்லாம் கணபதி கோவில், புனித ஜார்ஜ் தேவாலயம், கவிஞர் சங்ஙம்புழையின் பெயரில் உள்ள பூங்கா என்று சொல்வோம். 2013 மார்ச்சில் லூலூ மால் திறந்த பிறகு அந்தக் கவலை விட்டது. அதே ஆண்டு மே மாதம் ஊரெல்லாம் பேசிய இன்னொரு அடையாளமும் இடப்பள்ளிக்குச் சேர்ந்தது. கிரிக்கெட் வீரர் ஸ்ரீசாந்தின் வீடு இங்கேதான் இருக்கிறது.

இளைய தலைமுறைக்குச் சில விவரங்கள் சொல்ல வேண்டும். 1983-இல் கோதமங்கலத்தில் பிறந்தவர். முதலில் கும்ப்ளேயைப் பார்த்து லெக் ஸ்பின் போட்டுக்கொண்டிருந்தவர், கைப்பழக்கத்தில் யார்க்கராகவே விழுகிறது என்பதைக் கவனித்த அண்ணன் தீபு சாந்தனின் தூண்டுதலால் வேகப்பந்துக்கு மாறினார். பிறகு சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையம். 2006 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் 40 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து, தென்னாப்பிரிக்காவை 84 ரன்னில் சுருட்ட முக்கியக் காரணமாக இருந்தார். அந்த மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அது. அதே மைதானத்தில் 2007 செப்டம்பர் 24 அன்று இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மிஸ்பாவின் கடைசிப் பந்தைப் பிடித்த கைகளும் அவருடையவைதான். நம் வீடுகளில் 'நான் கடவுள்' படப் பாட்டைக் கேட்டு உருகியவர்கள் உண்டு. அதைப் பாடிய மது பாலகிருஷ்ணன் ஸ்ரீசாந்தின் அக்காள் கணவர். ஆகையால் நமக்கு அவர் முழுக்க அந்நியர் அல்லர்.

2013 மே 16 அன்று டில்லிப் போலீசார் அவரை மும்பையில் கைது செய்தார்கள். ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் இன்னும் இரண்டு பேரும் உடன் கைதானார்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரு ஓவரில் சொல்லிவைத்த அளவு ரன் கொடுத்தார் என்பதும், இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டது அதற்கான சைகை என்பதும் புகார். அன்றைக்கே கிரிக்கெட் வாரியம் சஸ்பெண்ட் செய்தது. திகார் சிறையையும் பார்த்துவிட்டு ஜூன் 10-ஆம் தேதி ஜாமீன் கிடைத்து வெளியே வந்தார். செப்டம்பர் 13 அன்று வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஆயுட்காலத் தடை விதித்தது. அப்போது அவருக்கு வயது 30.

அவர் செய்தாரா இல்லையா என்பதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அதை டீக்கடையில் போதுமான அளவு பேசியாகிவிட்டது. குடும்பம் என்ன செய்தது என்பதுதான் நமக்கு வேண்டியது.

முதல் நாட்களில் எல்லாக் குடும்பங்களும் செய்வதையே அவர்களும் செய்தார்கள். மகன் நிரபராதி என்றார்கள். காமிராக்களுக்கு முன்னால் பேசினார்கள். சக ஆட்டக்காரர்களின் சதி என்று தந்தை சாந்தகுமாரன் நாயர் கொதிப்பில் சொன்னது பெரிய செய்தியானது. பிறகு அந்தப் பேச்சை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். பெற்ற வயிறு எரியும்போது வாய் என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கேட்ட தகப்பனாருக்கு ஒன்று சொல்வேன். முதல் ஒரு வாரம் மைக்கைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு வாக்கியமும் பிள்ளையின் கணக்கில்தான் பற்று வைக்கப்படும்.

அந்தக் குடும்பத்தின் கதையில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது ஒரு கல்யாணம். 2013 டிசம்பர் 12 அன்று குருவாயூர் கோவிலில் ஸ்ரீசாந்துக்கும் ராஜஸ்தானைச் சேர்ந்த புவனேஸ்வரி குமாரிக்கும் திருமணம் நடந்தது. தேதியைக் கவனியுங்கள். ஆயுட்காலத் தடை வந்து சரியாக மூன்று மாதம். திட்டமிட்ட குற்றங்களைத் தடுக்கும் மகாராஷ்டிரச் சட்டமான மோக்காவின் கீழ் வழக்கு நிலுவையில். வேலை கிடையாது, இனி அந்த வேலை கிடைக்கவும் கிடைக்காது என்று வாரியம் எழுதிக் கொடுத்துவிட்டது. நம்மில் எத்தனை பேர் அந்த நேரத்தில் பெண் கொடுப்போம்? ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் சின்னச் சந்தேகம் என்றால்கூடத் தள்ளிப்போடுகிறவர்கள் நாம். மாப்பிள்ளை வீட்டாரும் 'கேஸ் முடியட்டும்' என்று சொல்லி ஒத்திப்போட்டிருக்கலாம். அப்படிக் காத்திருந்தால் எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்பதை அப்புறம் நடந்ததைப் பார்த்தால் தெரியும்.

2015 ஜூலை 25 அன்று டில்லி நீதிமன்றம் மூன்று ஆட்டக்காரர்களையும் வழக்கிலிருந்து விடுவித்தது. ஊரில் வெடி வெடித்தார்கள். ஆனால் வாரியம் அசையவில்லை. குற்ற வழக்கு வேறு, எங்கள் ஒழுங்கு நடவடிக்கை வேறு என்றது. இந்த இடம்தான் பெற்றோருக்குப் புரிய வேண்டியது. நீதிமன்றம் விட்டுவிட்டால் பிள்ளை மறுநாளே மைதானத்தில் இறங்கலாம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஸ்காட்லாந்தில் ஒரு கிளப்புக்கு ஆடப் போகலாம் என்றால் அதற்கும் வாரியத்தின் ஆட்சேபணையில்லாச் சான்று வேண்டும், அதுவும் கிடைக்கவில்லை. 2017 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடையை நீக்கினார். அக்டோபரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தடையை மீண்டும் கொண்டுவந்தது. இரண்டு மாத நிம்மதி! 2019 மார்ச் 15 அன்று உச்ச நீதிமன்றம், குற்றம் பற்றி வாரியம் எடுத்த முடிவில் தலையிடாமல், ஆயுட்காலம் என்ற தண்டனை மட்டும் அதிகம் என்று சொல்லி மறுபரிசீலனைக்கு அனுப்பியது. ஆகஸ்டில் வாரியத்தின் குறைதீர்ப்பாளர் நீதிபதி டி.கே. ஜெயின் தடையை ஏழு ஆண்டாகக் குறைத்தார். 2020 செப்டம்பரில் அது முடிந்தது.

முப்பதில் ஆரம்பித்து முப்பத்தேழில் முடிந்த ஏழு ஆண்டுகள். வேகப்பந்து வீச்சாளனின் ஆயுளில் அவை எப்படிப்பட்ட ஆண்டுகள் என்பதை விளையாட்டுத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

இடையில் அவர் நடனப் போட்டியில் ஆடினார், சினிமாவில் நடித்தார், 2016-இல் சட்டமன்றத் தேர்தலில் திருவனந்தபுரத்தில் நின்று தோற்றார், 2018-இல் இந்தி 'பிக் பாஸ்' வீட்டில் இருந்து இரண்டாவதாக வந்தார். இதையெல்லாம் கேலி செய்தவர்கள் நம்மிலும் உண்டு. எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. காலையில் எழுந்தால் போவதற்கு ஒரு இடம் வேண்டும். அந்த இடம் மைதானமாக இருந்தவனுக்கு அது பறிபோனால் வேறொன்று கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கட்டில்தான் மிஞ்சும். 2013-இல் தற்கொலை எண்ணத்தோடு போராடிக்கொண்டிருந்ததாகவும், குடும்பத்துக்குத் தான் தேவை என்ற நினைப்புதான் பிடித்து நிறுத்தியதாகவும் பிற்பாடு ஒரு பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குடும்பம் எனக்கு உதவியது என்று மட்டும் சொல்லவில்லை. நான் அவர்களுக்குத் தேவை என்கிறார். தண்டனை பெற்ற பிள்ளையைக் கண்ணாடிப் பாத்திரம்போல அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டால் அந்த நினைப்பு வராது. கரண்ட் பில் கட்டிவிட்டு வா, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று வேலை சொன்னால்தான் வரும்.

ஆனால் இந்தக் கதையில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஆறு வருஷம் மூன்று நீதிமன்றங்களில் வழக்கு நடத்த எல்லா வீடுகளாலும் முடியுமா? திருச்சி மாவட்டம் முடிகண்டத்துக் கோமதி மாரிமுத்துவை நினைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரலில் தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கியபோது நாமெல்லாம் இனிப்புக் கொடுத்தோம். பஸ் பிடிப்பதற்காக விடிவதற்கு முன் மகளை வண்டியில் கொண்டுபோய் விட்ட தகப்பனாரின் கதையைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்கினோம். அந்தத் தகப்பனார் அப்போது உயிரோடு இல்லை. அடுத்த மாதமே ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தற்காலிகத் தடை, 2020 ஜூனில் நான்கு ஆண்டுத் தடை உறுதியானது, தங்கமும் போயிற்று. தாம் மருந்து எதுவும் எடுக்கவில்லை என்றே அவர் சொன்னார். அவருக்கு மாலை போட்ட கூட்டம் எங்கே போனது என்று கேட்கத் தோன்றுகிறது. தடை 2023 மே 16 அன்று முடிந்தது. அதை எத்தனை பத்திரிகைகள் எழுதின?

ஊக்கமருந்து என்றதும் ஊசியும் இருட்டறையும் நம் நினைவுக்கு வருகின்றன. மும்பை வீரர் பிரித்வி ஷாவுக்கு நடந்தது வேறு. 2019 பிப்ரவரியில் இந்தூரில் ஆடப் போன இடத்தில் சளி, இருமல். பையனுக்கு வயது 19. சின்ன வயதிலேயே தாயை இழந்து தகப்பனாரால் வளர்க்கப்பட்ட பிள்ளை. போன் போட்டு அப்பாவிடம் சொன்னான். கடையில் இருமல் சிரப் வாங்கிக் குடி என்றார் அப்பா. நம் வீட்டில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். அந்தச் சிரப்பில் டெர்பியூட்டலின் இருந்தது. அது தடை செய்யப்பட்ட மருந்துகளில் ஒன்று. சாதாரண இருமல் சிரப்புகள் பலவற்றில் இருப்பதுதான். எட்டு மாதம் தடை. அணியின் மருத்துவப் பணியாளரைக் கேட்காமல் போனோம், எனக்கும் அப்பாவுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று அவரே பின்னாளில் பேசினார். உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு, தெரியாமல் நடந்தது என்றால் தண்டனை குறையலாமே தவிரக் குற்றம் போகாது என்பதுதான் சட்டம். ஆகவே ஒப்பந்தம் போட்ட பிள்ளைக்குப் பாட்டி வைத்தியமோ, மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதோ, ஜிம்மில் டப்பாவில் விற்கும் பவுடரோ எதுவாக இருந்தாலும் அணி டாக்டரைக் கேட்காமல் தொண்டையில் இறங்கக் கூடாது. உண்மையிலேயே அந்த மருந்து தேவைப்படும் நோயாளி என்றால் அதற்கு முன்கூட்டி அனுமதி வாங்கும் முறை இருக்கிறது. சிக்கினாலும், இரண்டாவது மாதிரியைச் சோதிக்கச் சொல்லும் உரிமையும் மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. இரண்டுக்கும் கெடு நாள் உண்டு. வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும் அந்த வாரத்திலேயே யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துத் தேதியைக் காலண்டரில் குறித்துவிட வேண்டும்.

2018 மார்ச்சில் பந்தைச் சொரசொரப்புத் தாளால் தேய்த்த விவகாரத்தில் ஆஸ்திரேலியக் கேப்டன் ஸ்டீவ் ஸ்மித் ஓராண்டுத் தடை வாங்கிச் சிட்னி விமான நிலையத்தில் அழுத காட்சி பலருக்கு நினைவிருக்கும். நான் பார்த்தது அவரை அல்ல, பின்னால் நின்ற அவருடைய அப்பாவை. ஒரு வார்த்தை பேசவில்லை. மகனின் தோளில் கையை வைத்தபடி நின்றார், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து மகனின் கிரிக்கெட் பையைக் கொண்டுபோய்க் கார் கொட்டகையில் போடுவதையும் படம் பிடித்தார்கள். மகன் செய்தது தவறில்லை என்று அவர் எங்கும் வாதாடவில்லை. மகனே ஒப்புக்கொண்டுவிட்ட தவறு அது.

இனி நம்முடைய விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன வீடுகளுக்கெல்லாம் சொந்த ஊரில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். நமக்கு மாமா தென்காசியில், சித்தப்பா மன்னார்குடியில். இங்கே இருப்பது கணவன், மனைவி, இரண்டு பிள்ளை, வாடகை வீடு. மூன்றாண்டுகளுக்கு முன் நம் உறுப்பினர் ஒருவருடைய மகனுக்கு நடந்ததை, அவர் அனுமதியோடும் பெயர் சொல்லாமலும் எழுதுகிறேன். பையன் கால்பந்து ஆடுகிறவன். ஒரு கிளப்பில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தான். தென்காசிப் பக்கம் பிறந்தவன். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, இங்கே பள்ளியில் சேர்த்தபோது எழுதிய தேதி வேறொன்று. நம்மில் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கதை உண்டு. வயதில் மோசடி என்று சொல்லி எட்டு மாதம் நிறுத்திவைத்தார்கள். சம்பளம் நின்றது.

அவன் அம்மா கோவிலுக்கு வருவதை நிறுத்தினார். பொங்கல் விழாவுக்கு வரவில்லை. நானும் என் மனைவியும் வீட்டுக்குப் போனபோது, "அண்ணாச்சி, பந்தைத் தூக்கிப் போட்டுட்டு வேற வேலைக்குப் போகச் சொல்லுங்க. உங்க பேச்சைக் கேப்பான்" என்றார். பையன் அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா எர்ணாகுளம் பிராட்வேயில் ஜவுளிக்கடையில் கணக்குப் பார்ப்பவர். அவர் மனைவியிடமும் வாதாடவில்லை, மகனிடமும் வாதாடவில்லை. ஊருக்குப் போன் போட்டுத் தன் தாயாரை வரவழைத்தார்.

அந்த ஆச்சிக்குச் சஸ்பென்ஷன் என்றால் என்னவென்று தெரியாது. யாராவது விளக்கினாலும், "சரி, அது கெடக்கட்டும்" என்பார். பேரனின் அறையிலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். ஐந்து மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டுவிடுவார். யாரும் தூங்க முடியாது. அப்பா அந்த நேரத்தில் பையனைக் கூட்டிக்கொண்டு ஓடப் போவார். கிளப் மைதானத்தில் நுழைய முடியாது என்பதால் ரோட்டோரம்தான். பதினொரு மணிக்குப் பையன் அப்பாவின் கடைக்குப் போய்ச் சரக்கு வரவு எழுத வேண்டும்; அதற்கு முதலாளி ஒரு சிறு தொகை கொடுத்தார். நடுவில் அப்பா மூன்று முறை தென்காசி போய், நகராட்சி அலுவலகத்திலும் பழைய ஆஸ்பத்திரியிலும் அலைந்து, பிறந்த நாள் பதிவின் நகலை வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்துத் தேதிதான் தப்பு, சான்றிதழ் சரி என்று நிரூபிக்க ஐந்து மாதம் பிடித்தது. தண்டனை ஆறாவது மாதத்தில் நீங்கியது. கிளப் மட்டும் அவனைத் திரும்ப எடுக்கவில்லை.

இதில் நம் சங்கத்துக்கு ஒரு பங்கு உண்டு. அந்த ஆறு மாதத்தில் அவர்களைச் சந்தித்த இடத்திலெல்லாம் "என்ன ஆச்சு, ஏதாவது முடிவு தெரிஞ்சதா?" என்று கேட்டவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். அக்கறையில் கேட்டதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியது அந்தத் தாய். கேட்காமல் வந்து உட்கார்ந்து, தக்காளி விலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போன ஒரு பாலக்காட்டு மாமியை அவர் இன்றைக்கும் சொல்கிறார்.

ஸ்ரீசாந்த் 2021 ஜனவரி 11 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் கேரளத்துக்காகத் திரும்பவும் பந்து வீசினார். எதிரணி நம் புதுச்சேரி. நான்கு ஓவர், 29 ரன், ஒரு விக்கெட். அந்த ஆண்டு பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்துக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்தார். 2022 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் மேகாலயாவுக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் விக்கெட் எடுத்ததும் பிட்ச்சில் விழுந்து வணங்கினார்; சில வாரங்களில், மார்ச் 9 அன்று ஓய்வை அறிவித்தார். 2025-இல் சஞ்சு சாம்சனை ஆதரித்துப் பேசிய பேச்சுக்காகக் கேரள கிரிக்கெட் சங்கம் அவருக்கு மறுபடி மூன்றாண்டுத் தடை போட்டது தனிக்கதை.

நம் பையன் இப்போது கோழிக்கோட்டில் சிறிய கிளப் ஒன்றில் ஆடுகிறான். சம்பளம் முன்னதில் பாதிதான். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு அவனுடைய ஆட்டம் ஒன்று இருக்கிறது. இடப்பள்ளியிலிருந்து காலை ஆறு மணிக்கு வேன் புறப்படும். அவன் அம்மா புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறார். பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் மூன்று இடம் பாக்கி.